எந்தக் கிணறு என்று கேட்டேன்

தம்பி,

இதை நீ மெதுவாகத்தான் வாசிப்பாய் என்று தெரியும். லண்டன் ஹரோவில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு உன்னை இழுத்துக்கொண்டு போனதன் பலன் அவ்வளவுதான். எழுத்துக்கூட்டி வாசிக்கிறாய், நீண்ட வசனம் வந்தால் திரும்பவும் தொடக்கத்துக்குப் போகிறாய். அதனால் கூடிய மட்டும் நேராக எழுதப் பார்க்கிறேன். உனக்கு மட்டும் அனுப்பாமல், நான் இத்தனை வருடமாக எழுதிவரும் பத்திரிகையிலேயே இதைப் போடச் சொன்னதற்கு ஒரு காரணம் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன். யாருடைய பெயரையும் எழுதவில்லை. நீ கட்டப்போகும் பெண்ணைப் பிள்ளை என்றும், அவளுடைய தகப்பனை மாமா என்றும் எழுதுகிறேன். நீ அவரை அப்படித்தானே கூப்பிடுகிறாய். அவருடைய ஊரின் பெயரையும் எழுதமாட்டேன். எழுதினால், வாசிக்கிறவர்களில் பாதிப் பேர் நான் போட்ட கணக்கைத் தாங்களும் போடத் தொடங்கிவிடுவார்கள்.

வருகிற மாதம் உனக்குக் கல்யாணம். அதற்கு நான் வரலாமா வேண்டாமா என்று நீ இன்னும் சொல்லவில்லை. கடைசியாகப் போனில் கதைத்தபோது, "நான் யோசிச்சுச் சொல்றன் அப்பா" என்றாய். குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பிந்தி வந்த மாணவனோடு கதைப்பதுபோலப் பொறுமையாகச் சொன்னாய். அன்றிலிருந்து அம்மாவும் நானும் வீட்டில் உன்னைப் பற்றிக் கதைப்பதில்லை. அம்மா உன்னுடைய அறைக் கதவைத் திறந்து, ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வருகிறா.

நடுக்கால ஐரோப்பாவைப் படிக்கப்போகிறேன் என்று நீ சொன்ன நாளில் நான் என்ன சொன்னேன் என்று உனக்கு நினைவிருக்கும். "அங்க எங்கட ஆக்கள் ஒருத்தரும் இருக்கேல்லையே" என்றேன். அதையே பெரிய பகிடியாக நினைத்து நாலு வீட்டில் சொல்லியும் திரிந்தேன். அரசர்களையும் போர்களையும் மனப்பாடம் செய்யப்போகிறாய் என்றுதான் நினைத்திருந்தேன். பிறகு ஒருநாள் சாப்பாட்டு மேசையில் நீ சுண்ணக் குன்றுகளைப் பற்றிச் சொன்னாய். மழைத் தண்ணீர் சுண்ணக் கல்லுக்குள் இறங்கி, அடிவாரத்தில் களிமண்ணைத் தொடும் இடத்தில் ஊற்றாக வெளியே வருகிறது. அந்த ஊற்றுகளின் வரிசையில்தான் ஆயிரம் வருடத்துக்கு முந்திய கிராமங்கள் மாலைபோலக் கிடக்கின்றன. ஒவ்வொரு கிராமத்தின் நிலமும் அகலத்தில் ஒடுங்கி நீளத்தில் ஓடுகிறது. மேலே ஆடு மேய்க்கக் குன்று, நடுவில் குடிக்கத் தண்ணீர், கீழே விறகுக்குக் காடு என்று எல்லாருக்கும் கொஞ்சம் கிடைக்க வேண்டுமாம். நான் கறியைப் பிசைந்த கையோடு கேட்டுக்கொண்டிருந்தேன். ஏன் இங்கே இருந்தார்கள், ஏன் அங்கே இருக்கவில்லை என்பது ஒரு செய்தியாளன் தன் வாழ்நாள் முழுவதும் கேட்கிற கேள்வி. அதை என் மகன் என்னைவிட நன்றாகக் கேட்கிறான் என்று அன்றுதான் கண்டேன். கண்டதை உன்னிடம் சொல்லவில்லை. அது முதல் தவறு. ஆனால் இந்தக் கடிதம் அதைப் பற்றியது இல்லை.

அதற்குப் பிறகு நீ சொன்னவற்றை என் கட்டுரைகளில் அங்கங்கே பயன்படுத்தினேன். தேம்ஸில் இரண்டு கரையிலும் சரளை மேடு கிட்டக் கிட்ட வந்து பாலம் போட வசதியாக இருந்த இடத்தில்தான் லண்டன் உண்டானது என்று நீ சொன்னதை எடுத்து, அவர்கள் ஆற்றோரம் இருந்தார்கள், நாங்கள் ரயில் பாதையோரம் இருந்தோம் என்று எழுதினேன். நோர்தேர்ன் லைனைப் பிடித்து டூட்டிங்கில் இறங்கினவர்கள், பிள்ளைகள் வளர்ந்ததும் மெட்ரோபொலிட்டன் லைனைப் பிடித்து ஹரோ பக்கம் ஏறினார்கள் என்று எழுதினேன். அதை வாசித்துவிட்டு நீ கேட்டாய், "அப்பா, நாங்கள் ரெய்னர்ஸ் லேனில இருக்கிறம். ஹரோ எண்டு ஏன் போட்டனீங்கள்?" நான் வாய் திறப்பதற்குள் அம்மா சொன்னா, "இவருக்கு ஹரோ மேட்டில இருக்கிற சேர்ச் தன்ர வளவுக்குள்ள நிக்குது எண்டு நினைப்பு. நாங்கள் கீழ களிமண்ணில இருக்கிறது வெளியில தெரியக்கூடாது." மூன்று பேரும் சிரித்தோம். அந்தச் சிரிப்புக்குள் என்ன இருந்தது என்று இப்போதுதான் பார்க்கிறேன். ஒரு மனிதன் எந்த நிலத்தில் இருக்கிறான் என்பதை வைத்து அவனுக்கு மதிப்புப் போடுகிற பழக்கம் என்னிடம் அப்போதே இருந்தது. நான் அதை என்மேல் பயன்படுத்தினபோது அது வெறும் பகிடியாக இருந்தது.

இரண்டு குடும்பமும் ஒருமுறை சேர்ந்து வெளியே போகலாம் என்று தேம்ஸ் கரையிலுள்ள பெர்மண்ட்சியைத் தெரிவு செய்தவன் நீ. கோயில் வேண்டாம், மண்டபம் வேண்டாம், நடந்துகொண்டே கதைத்தால் ஆட்கள் இலகுவாகப் பழகுவார்கள் என்றாய். நல்ல யோசனைதான். மாமா பிள்ளையோடு வந்தார். டூட்டிங்கில் மருந்துக்கடை வைத்திருந்து ஓய்வு பெற்றவர், அதிகம் கதைக்காதவர், மழை வரும் என்று இரண்டு குடை கொண்டுவந்து ஒன்றை அம்மாவிடம் கொடுத்தார். ஆற்றங்கரையில் நின்று நீ சொல்லத் தொடங்கினாய். நகரத்துக்குக் கீழே, தண்ணீர் நகரத்தைத் தாண்டி ஓடிவரும் பக்கத்தில், தோல் பதனிடுகிறவர்களை ஏன் இருத்தினார்கள் என்று. அவர்களுக்கு ஓடுகிற தண்ணீர் வேண்டும், ஓக் மரப்பட்டை வேண்டும், நகரத்து இறைச்சிக்கடைகளிலிருந்து தோல் வேண்டும். மாதக்கணக்காகக் குழிகளில் ஊறும் தோலின் நாற்றம் மற்றவர்களின் மூக்குக்குப் போகக்கூடாது, அவர்கள் கழுவின தண்ணீர் மற்றவர்களின் வாய்க்குப் போகக்கூடாது. இங்கே காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசுகிறது, ஆகவே கிழக்குப் பக்கம். ஐரோப்பாவின் எந்தப் பழைய நகரத்துக்குப் போனாலும் ஆறு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்தால், யாரை எங்கே வைத்தார்கள் என்று சொல்லிவிடலாம் என்றாய்.

மாமா அப்போது ஒரு கேள்வி கேட்டார். "அப்ப அவையள வேற ஆக்கள் எண்டு பார்த்தவையோ, இல்லாட்டி அந்த வேலையை மட்டுமோ?"

நீ கொஞ்சம் யோசித்தாய். "முதல்ல வேலைக்கு ஏத்த இடம் மாமா. பிறகு அந்த இடமே அவங்கட பேர் ஆகிடும். நாத்தத்தைத் தள்ளி வைக்கிறம் எண்டு தொடங்கி ஆளைத் தள்ளி வைக்கிறது. ஆனா அவங்கட லெதர் இல்லாட்டி நகரத்தில ஒருத்தருக்கும் சப்பாத்து இல்லை, சேணம் இல்லை, புத்தகத்துக்கு அட்டை இல்லை. கெட்டிக்காரர்." அதோடு விடாமல், கடலோரச் சதுப்பு நிலங்களைப் பற்றியும் சொன்னாய். யாரும் வேண்டாத சேற்று நிலத்தை அணை கட்டி, வாய்க்கால் வெட்டி வடித்தவர்களுக்குப் பல இடங்களில் மற்றக் குடியானவர்களுக்கு இல்லாத சுதந்திரம் கிடைத்தது. இன்னொரு இடத்தில் ஓடையும் ஆலையும் பிரபுவுக்குச் சொந்தம், தானியத்தை வேறெங்கும் அரைக்க ஏலாது. "தண்ணி எல்லா இடமும் தண்ணிதான். அதுக்கு ஆர் சொந்தக்காரன் எண்டதைத் தண்ணி சொல்றேல்ல, மனிசர்தான் சொல்றது" என்றாய். மாமா தலையாட்டினார். நானும் ஆட்டினேன்.

பிறகு மழை வந்தது, கஃபேக்குள் போனோம். அவருடைய ஊரின் பெயர் எனக்கு முன்பே தெரியும். ஆனால் அந்த ஊரில் எல்லாரும் இருக்கிறார்கள், பெயரை மட்டும் வைத்து ஒன்றும் தீர்மானிக்க முடியாது. நான் தேத்தண்ணிக்குச் சீனி போட்டுக்கொண்டு, பெரிய அக்கறை இல்லாதவன்போலத் தொடங்கினேன். நாற்பது வருடம் செய்த தொழில் அது. கடைசிக் கேள்வியை முதலில் கேட்கக்கூடாது.

"அண்ணை, ஊரில நீங்கள் எந்தப் பக்கம்?"

"கிழக்குப் பக்கம்."

"கிழக்கு எண்டால் கோயிலுக்கு அங்காலயோ, இஞ்சாலயோ?"

"அங்கால."

அம்மா மேசைக்குக் கீழே என் காலை மிதித்தா. "அண்ணைக்கு இன்னொரு தேத்தண்ணி எடுக்கட்டோ?" என்று அவரிடம் கேட்டா. வேண்டாம் என்று கைகாட்டினார். நான் நிறுத்தவில்லை.

"இல்லை, தம்பி தண்ணியைப் பற்றிச் சொன்னதாலதான் கேக்கிறன். எங்கட பக்கம் ஆறு இல்லையே, எல்லாம் கிணறுதானே. நீங்கள் எந்தக் கிணத்தில தண்ணி எடுத்தனீங்கள்? நல்ல தண்ணியோ, உவரோ?"

யாழ்ப்பாணத்தவன் ஒருவன் இன்னொருவனிடம் இந்தக் கேள்வியைக் கேட்டால், அதற்குப் பிறகு கேட்க ஒன்றும் இருக்காது. உனக்கும் பிள்ளைக்கும் அது நிலத்தடி நீரைப் பற்றிய கேள்வியாகக் கேட்டிருக்கும். அவர் கோப்பையைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்துத்தான் பதில் சொன்னார்.

"நல்ல தண்ணிதான் அண்ணை. ஆனா நாங்கள் எடுக்கிறேல்ல. ஊத்துவினம்."

பிள்ளை திரும்பி, "ஊத்துவினம் எண்டால்? ஹூ, அப்பா?" என்று கேட்டாள்.

"கிணத்துக்காரர், பிள்ளை. நாங்கள் கிணத்தைத் தொடக்கூடாது. குடத்தை வைச்சிட்டு நிக்கோணும்."

அவள் அதை முதல் தடவையாகக் கேட்கிறாள் என்பது அவள் முகத்தில் தெரிந்தது. லண்டனில் பிறந்து, இங்கே படித்து, இங்கே வேலை பார்க்கிற மகளுக்கு அவர் அவ்வளவு காலமும் தெரியாமல் காத்துவைத்திருந்த ஒன்றை, ஒரு கோப்பைத் தேத்தண்ணி ஆறுவதற்குள் நான் பறித்து மேசையில் போட்டுவிட்டேன். அவர் மிச்சத் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். அம்மா குடையைத் திருப்பிக் கொடுத்தா. "வைச்சிருங்கோ, வெளியில பெய்யுது" என்றார்.

நடைபாதையில் நீ என்னிடம் கேட்டாய், "அப்பா, நான் சொன்னதை நீங்கள் கேட்டனீங்களா, இல்லாட்டி யூஸ் பண்ணினீங்களா?" ரயிலில் அம்மா, அந்தக் குடையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னா, "பேட்டி எடுக்கிறன் எண்டு விசாரணை வைச்சிட்டியள்." நான் சும்மாதானே கேட்டேன் என்றேன். "முப்பது வருசமா உங்களோட இருக்கிறன். நீங்கள் சும்மா ஒண்டும் கேக்கிறேல்ல."

அவ சொன்னது சரி. அவர் வேறு பதில் சொல்லியிருந்தால் நான் நிம்மதியாகத் தேத்தண்ணியைக் குடித்திருப்பேன். வீட்டுக்கு வந்து நல்ல மனிதர் என்று சொல்லியிருப்பேன். அந்த நிம்மதிக்காகத்தான் கேட்டேன் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு கூசுகிறது. சாதி கடல் தாண்டி வந்துவிட்டது என்று இதே பத்திரிகையில் கண்டித்து எழுதியவன் நான். அந்தக் கட்டுரையை எடுத்துத் திரும்ப வாசித்தேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறேன். முழுக்க மற்றவர்களைப் பற்றி எழுதியிருக்கிறேன்.

நீ போனை எடுக்காமல் விட்ட வாரத்தில், நான் மாமாவைக் கூப்பிட்டு வரலாமா என்று கேட்டேன். "வாங்கோ" என்றார். டூட்டிங் ஸ்டேஷனில் இறங்கி, பழக்கத்தில் ஒரு கடைக்குள் நுழைந்து மாம்பழப் பெட்டி ஒன்றைத் தூக்கினேன். பிறகு அதைத் திரும்ப வைத்தேன். சம்பந்தி வீட்டுக்குப் போகிறவனின் கைபோல என் கை இருக்கக்கூடாது என்று பட்டது. வெறும் கையோடு போனேன். கதவைத் திறந்தவர் உள்ளே கூப்பிட்டு இருத்தினார். பிள்ளையின் அம்மா, உன் மாமி, வேலைக்குப் போயிருந்தா. அவரே தேத்தண்ணி போட்டுக்கொண்டுவந்து வைத்தார். நான் உடனே எடுத்து மடக்கு மடக்கென்று குடித்தேன். நாக்குச் சுட்டது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார்:

"ஆறுதலாக் குடியுங்கோ அண்ணை. நான் பார்க்கேல்ல."

தம்பி, நான் ஷெல் விழுந்த இடங்களில் நின்று எழுதியிருக்கிறேன். அந்த அறையில் இருந்ததுபோல எங்கும் இருந்ததில்லை. உங்கள் வீட்டில் நான் குடிக்கிறேன் பாருங்கள் என்று காட்டுவதற்காகத்தான் குடித்தேன் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. அவர் காட்டும் வரை எனக்குத் தெரியவில்லை.

"மன்னிக்கோணும் அண்ணை" என்றேன்.

"எதுக்கு? கேட்டதுக்கோ, பிள்ளைக்கு முன்னால கேட்டதுக்கோ?"

"ரெண்டுக்கும்."

"ரெண்டும் ஒண்டில்லை." "லண்டனில இதை எத்தினை பேர் கேட்டிருக்கினம் தெரியுமே. கோயில்ல கேப்பினம், கலியாண வீட்டில கேப்பினம், மருந்து வாங்க வந்த இடத்தில கேப்பினம். ஊர் யாழ்ப்பாணப் பட்டணம் எண்டு சொல்லிப்போட்டு மாத்திரையை எண்ணிக் குடுத்திடுவன். அண்டைக்கும் அதைத்தான் சொல்லியிருப்பன். உங்கட மகன் அந்தத் தோல் வேலை செய்த ஆக்களைப் பற்றி மரியாதையாக் கதைச்சார். அதைக் கேட்டிட்டுப் பொய் சொல்ல எனக்கு மனம் வரேல்ல."

உன்னுடைய படிப்பால் என்ன சோறு என்று ஒருகாலத்தில் நான் கேட்டிருந்தால் அதற்குப் பதில் இது. எழுநூறு எண்ணூறு வருடத்துக்கு முன் செத்துப்போன மனிதர்களைப் பற்றி நீ கதைத்த விதம், ஒருவருக்குத் தன் உண்மையைச் சொல்லத் துணிவு கொடுத்தது. அதே கதை எனக்குத் தூண்டிலாக உதவியது. ஒரே நேரம், ஒரே ஆற்றங்கரை, ஒரே மழை.

நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். அவர் சிரித்தார் என்று சொல்ல முடியாது, ஆனால் முகம் கொஞ்சம் இளகியது. "நீங்கள் எழுதுற ஆள்தானே. எழுதுங்கோ. ஆனா என்ர கிணத்தை எழுதாதேங்கோ. உங்கட கிணத்தை எழுதுங்கோ." கல்யாணத்தைப் பற்றி நான் வாயெடுத்தபோது, "அது உங்கட மகன்ர விசயம்" என்று எழுந்துவிட்டார். வாசலில் நின்று, "அக்காட்டச் சொல்லுங்கோ, குடை அவசரமில்லை" என்றார்.

அதனால் எங்கள் கிணற்றை எழுதுகிறேன். எங்கள் வீடு யாழ்ப்பாணத்தில், வலிகாமத்துச் செம்மண்ணில் இருந்தது. கீழே சுண்ணக் கல், நீ படிக்கிற குன்றுகளின் சுண்ணத்துக்கு ஒருவகையில் உறவு. நல்ல தண்ணீர் நிற்கும் நிலம் எங்களைப்போன்றவர்களிடம் இருந்தது. தண்ணீர் உவர்க்கும் இடத்தில் மற்றவர்களின் வீடுகள் இருந்தன. அது இயற்கை என்று நினைத்துத்தான் வளர்ந்தேன். கோடையில் அந்தப் பக்கத்துப் பெண்கள் குடங்களோடு வந்து, கிணற்றடிக்கு வெளியே, வாழைகளுக்குப் பக்கத்தில் நிற்பார்கள். கூப்பிடமாட்டார்கள். வீட்டில் யாராவது வந்து ஊற்றும் வரை நிற்பார்கள். நான் கல்லூரியில் படித்த காலத்தில், விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தால், ஊற்றுகிற வேலை என்னுடையது. வாளியின் விளிம்பு குடத்தில் முட்டக்கூடாது. ஆகவே உயரத்தில் பிடித்து ஊற்ற வேண்டும். அவர்கள் குடத்தை அசைத்து அசைத்து, விழுகிற தண்ணீரை ஏந்துவார்கள். பாதி வெளியே போகும். அந்தத் தண்ணீரில் வாழை நன்றாக வளர்ந்தது.

ஒருநாள் ஒரு பெண் சொன்னா, "தம்பி, கொஞ்சம் கிட்டவாப் பிடியுங்கோவன், பாதி நிலத்தில போகுது." எனக்கு நன்றாகக் கேட்டது. அவமேல் எனக்குக் கோபம் இல்லை, வெறுப்பு இல்லை. ஆனால் நான் வாளியை இறக்கவில்லை. கைக்கு அந்த உயரம் பழகியிருந்தது. ஊரை விட்டு ஓடிவந்த பிறகு அந்தக் கிணற்றைப் பற்றி எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். தேன்போலத் தண்ணீர் என்று எழுதினேன், அதில் குண்டு விழுந்ததை எழுதினேன், இப்போது அது தூர்ந்து கிடப்பதை எழுதினேன். வாசகர்கள் அழுதோம் என்று சொன்னார்கள். வாழைக்குப் பக்கத்தில் நின்றவர்களை ஒரு வரியிலும் எழுதவில்லை. பெர்மண்ட்சி கஃபேயில் நான் மாமாவின் முன்னால் பிடித்தது அதே வாளிதான்.

இதை வெளியில் எழுதியதற்குக் காரணம் இப்போது உனக்கு விளங்கும். அவரை மற்றவர்களுக்கு முன்னால் வைத்துக் கேட்டுவிட்டு, உனக்கு மட்டும் இரகசியமாக மன்னிப்பு எழுதுவது சரியில்லை. அதோடு, இந்தப் பத்திரிகையை வாசிக்கிறவர்களில் பலர் வருகிற சனிக்கிழமையும் எங்காவது ஒரு மண்டபத்தில் பக்கத்துக் கதிரைக்காரரிடம் ஊரில எந்தப் பக்கம் என்று கேட்பார்கள். கேட்கும்போது என் ஞாபகம் வரட்டும். உனக்கு நான் சொல்லக்கூடிய புத்தி ஒன்றே ஒன்றுதான்: உனக்குப் பிள்ளை பிறந்து, அது என்னைப் பற்றிக் கேட்டால், வாழைகளையும் சேர்த்துச் சொல்லு.

கல்யாணத்துக்கு வா என்றால் வருவேன். அங்கே எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று நீ சொல்லு, அந்தப் பக்கம் நிற்பேன். வேண்டாம் என்றால் அம்மா வருவா, குடையையும் கொண்டுவருவா. யோசித்துச் சொல்கிறேன் என்றாய். நன்றாக யோசி. எங்கள் கிணற்றடியில் நின்றவர்கள் ஒருநாளும் எங்களை அவசரப்படுத்தவில்லை.

அப்பா